சீருடையைக் கழற்றிய பின்

திலக் நகர் நிலையத்தில் இரயில் ஏறி, துறைமுகப் பாதையின் கடைசி நிலையமான சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் இறங்கிக் கடலை நோக்கி அரைமணி நேரம் நடந்தால், இந்தியாவின் நுழைவாயிலை அடையலாம். போகும் வழியில் உயர்ந்த மதில் ஒன்று நெடுந்தொலைவு நம்முடன் கூடவே வரும். அதற்குப் பின்னே இருப்பது இந்தியக் கடற்படையின் கப்பல்தளம். சிங்க வாயில் என்று அழைக்கப்படும் அதன் வாசலருகே, விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் நினைவுச் சின்னம் நிற்கிறது. உடைக்கப்பட்ட அக்கப்பலின் உலோகத்தைக் கொண்டே அதைச் செய்திருக்கிறார்கள். சுற்றுலா வருபவர்கள் அதனருகே நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். விக்ராந்த் போருக்குச் சென்றபோது அதே அணியில் சென்ற மற்றொரு கப்பலின் தலைவரைப் பற்றி அறிந்தவர்கள் நம் பகுதியிலும் குறைவு. அவர் பிறந்த இடமோ நமக்கு மிகவும் பக்கம். குர்லாவில் வண்டி மாறினால், சயானை அடுத்து வரும் மாதுங்கா.

அவர் பெயர் அட்மிரல் லட்சுமிநாராயண் ராம்தாஸ். 1990ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்று, 1993 செப்டம்பரில் ஓய்வு பெற்றவர். அவர் வகித்த பதவிகளைச் சொல்ல ஒரு பத்தி போதும். ஓய்வுக்குப் பின் அவர் வாழ்ந்த முப்பது ஆண்டுகளைச் சொல்லத்தான் எனக்கு விருப்பம் மிகுதி.

அதற்குக் காரணம் உண்டு. படைவீரர் என்றால் எல்லையில் நிற்பவர் என்றுதான் பாடநூல்களில் படிக்கிறோம். நான் திலக் நகரில் வளர்ந்தபோது கண்ட முன்னாள் படைவீரர்களோ வங்கி வாசலில் துப்பாக்கியுடன் அமர்ந்திருந்தார்கள். அடுக்ககங்களின் நுழைவில் வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். சிப்பாய்களில் பெரும்பாலோர் நாற்பது வயதையொட்டி ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே இரண்டாவது வேலை ஒன்று தேடியே ஆக வேண்டும். எங்கள் குடியிருப்பில் திருநெல்வேலிக்காரரான ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருந்தார். தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவது முதல், மழைக்காலத்தில் வடிகால் அடைத்தால் மாநகராட்சி அலுவலகத்துக்கு நடப்பது வரை எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார். யாரும் அவரைக் கேட்டுக்கொண்டதில்லை. பழகிய கை சும்மா இருக்காது என்று என் அம்மா சொல்வார். ராம்தாஸைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் இந்த ஹவில்தார் தாத்தாதான்.

ராம்தாஸ் 1933 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்தார். அக்காலத்து மாதுங்கா, தென்னாட்டிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் குடியேறிக்கொண்டிருந்த பகுதி. தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தொடங்கப்பட்டது 1932இல்தான். அவருடைய பள்ளிப் படிப்பு தில்லியில் நடந்தது. 1949இல் டேராடூனை அடுத்த கிளமென்ட் டவுனில் இருந்த முப்படைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1953 செப்டம்பர் முதல் நாள் கடற்படை அதிகாரியானார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை.

கடற்படையில் அவர் தேர்ந்த துறை செய்தித் தொடர்பு. இதைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். கடலில் இரண்டு கப்பல்கள் பேசிக்கொள்வது எப்படி? வானொலிக் கருவி உண்டு. ஆனால் போர்க்காலத்தில் அதைப் பயன்படுத்தினால் நாம் இருக்கும் இடத்தைப் பகைவன் அறிந்துவிடுவான். எனவே கொடிகளால் பேசுவார்கள். ஒவ்வொரு கொடிக்கும் ஓர் எழுத்து. சில கொடிகளின் சேர்க்கைக்கு ஒரு முழு வாக்கியம். இரவில் விளக்கால் பேசுவார்கள். குறுகிய ஒளி, நெடிய ஒளி என்று மாற்றி மாற்றி மின்னச் செய்து சொற்களை அனுப்புவார்கள். எதிரே இருப்பவர் ஓர் ஒளியைத் தவறவிட்டால் பொருளே மாறிவிடும். சொல்வதைத் தெளிவாகச் சொல்வதும், வருவதைப் பொறுமையாகக் கேட்பதும் இத்துறையின் அடிப்படைப் பயிற்சி. பின்னாளில் அவர் எழுதிய கடிதங்களைப் பற்றி அறியும்போது இந்தப் பயிற்சி எனக்கு நினைவுக்கு வரும்.

1971 டிசம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டது. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானே இன்றைய வங்கதேசம். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்திருந்தார்கள். வங்காள விரிகுடாவில் விக்ராந்தும் அதற்குத் துணையாகச் சில போர்க்கப்பல்களும் நிறுத்தப்பட்டன. அவற்றுள் ஒன்று பியாஸ். அதன் தலைவர் கமாண்டர் ராம்தாஸ், வயது முப்பத்தெட்டு. கரையில் இருக்கும் படைக்குக் கடல்வழியே உணவும் எண்ணெயும் வெடிபொருளும் வராமல் தடுப்பது அந்த அணியின் வேலைகளுள் ஒன்று. இதைக் கடல் முற்றுகை என்பர். இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். வரும் கப்பல் வணிகக் கப்பலா, வேறு கப்பலா என்று ஆராய வேண்டும். நீருக்கடியில் கண்ணிவெடி இருக்கலாம், நீர்மூழ்கி இருக்கலாம். டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததோடு போர் முடிந்தது. அப்போரில் ஆற்றிய பணிக்காக ராம்தாஸுக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது.

வெற்றியைக் கொண்டாடும்போது நாம் எளிதில் கடந்துவிடும் இரண்டு செய்திகள் உள்ளன. விக்ராந்தை மூழ்கடிக்க வந்த பாகிஸ்தானின் காஜி என்ற நீர்மூழ்கிக் கப்பல், போரின் தொடக்கத்திலேயே விசாகப்பட்டினத்துக்கு அருகில் வெடித்து மூழ்கியது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. டிசம்பர் 9ஆம் நாள் இரவு, அரபிக்கடலில் தியூவுக்கு அப்பால் இந்தியாவின் குக்ரி என்ற கப்பலைப் பாகிஸ்தானின் நீர்மூழ்கி தாக்கியது. அதன் தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு வெளியேறாமல் அதனோடு மூழ்கினார். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தனர். நிலத்தில் இறந்த வீரனுக்கு ஒரு கல்லாவது நடலாம். கடலில் இறந்தவனுக்கு அந்த இடத்தைக் காட்டக்கூட ஓர் அடையாளம் இராது. ஒரு வாரத்துக்குள் இரு நாட்டுத் தாய்மார்களுக்கும் ஒரே மாதிரியான செய்தி சென்று சேர்ந்திருக்கிறது. கடற்படையில் இருந்தவர்களுக்கு இது ஏட்டுச் செய்தி அன்று.

பின்பு ராம்தாஸ் படிப்படியாக உயர்ந்தார். கொச்சியில் கடற்படைப் பயிற்சிக் கழகத்தை நிறுவி நடத்தியது அவர் முன்பே ஆற்றியிருந்த பணி. தென்பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் தளபதியாக இருந்தார். அவருடைய துணைவியார் லலிதா, கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான ஆர். டி. கட்டாரியின் மகள். செங்கல்பட்டில் பிறந்த கட்டாரி 1958இல் அப்பொறுப்பை ஏற்றார். மாமனார் அமர்ந்த நாற்காலியில் மருமகன் 1990இல் அமர்ந்தார். லலிதா அம்மையாரும் முதியோர் கல்விக்காக நெடுங்காலம் உழைத்தவர்.

ராம்தாஸ் தலைமைத் தளபதியாக இருந்தபோது நிகழ்ந்த ஒரு மாற்றத்தை, இவ்வகுப்பில் படிக்கும் பெண்பிள்ளைகள் குறித்துக்கொள்ள வேண்டும். அதுவரை கடற்படையில் மருத்துவத் துறையில் மட்டுமே பெண்கள் பணியாற்றினார்கள். 1992இல்தான் கல்வி, சட்டம், பொருள் வழங்கல் ஆகிய துறைகளில் பெண்கள் அதிகாரிகளாகச் சேர்க்கப்பட்டார்கள. அவர்கள் நிரந்தரப் பணி பெறுவதற்கு 2020 மார்ச்சில் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதவு திறந்ததும் எல்லாரும் உள்ளே போய்விட முடிவதில்லை.

அறுபது வயதில் ஓய்வு. தலைமைத் தளபதியாக இருந்தவர் நகரத்தில் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரும் லலிதா அம்மையாரும் ராய்கட் மாவட்டத்தில் அலிபாகை அடுத்த பைமலா என்ற சிற்றூருக்குச் சென்றார்கள். வீரப் பதக்கம் பெற்றவர் என்ற முறையில் அரசு அவருக்கு அளித்த நிலம் அங்கே இருந்தது. அதில் வேளாண்மை செய்தார்கள்.

அலிபாகுக்கு நான் படகில் போயிருக்கிறேன். இந்தியாவின் நுழைவாயிலில் புறப்படும் படகு ஒரு மணி நேரத்தில் மாண்ட்வாவில் இறக்கிவிடும், அங்கிருந்து பேருந்து. மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் அந்தப் படகுகள் ஓடுவதில்லை. படகு நகரத் தொடங்கியதும் சாம்பல் நிறப் போர்க்கப்பல்களைத் தொலைவில் காணலாம். கொஞ்ச நேரத்தில் மும்பையின் உயர்ந்த கட்டடங்கள் மங்கிவிடும். தென்னையும் நெல்வயலும் தெரியத் தொடங்கும். ஒரு மணி நேரப் பயணத்தில் இவ்வளவு மாறிவிடுமா என்று வியப்பாக இருக்கும்.

2004ஆம் ஆண்டில் அவருக்கு ராமோன் மகசேசே விருது அறிவிக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டில் வழங்கப்படும் இவ்விருது ஆசியாவின் உயர்ந்த விருதுகளுள் ஒன்று. அமைதிக்கும் நாடுகளுக்கிடையேயான நல்லுறவுக்கும் உரிய அவ்வாண்டு விருதை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் ராம்தாஸ், மற்றவர் பாகிஸ்தானைச் சேர்ந்த ஐ. ஏ. ரெஹ்மான். அன்று மாலை எங்கள் குடியிருப்பின் வாசலில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மூன்றாம் மாடியில் இருந்த வங்கி ஊழியர் ஒருவர், “போரில் பதக்கம் வாங்கியவர் எதிரி நாட்டுக்காரரோடு சேர்ந்து விருது வாங்கலாமா?” என்று சினந்தார். வேறு சிலரும் தலையசைத்தார்கள். ஹவில்தார் தாத்தா அதிகம் பேசுகிறவர் அல்லர். “அவர் போருக்குப் போய் வந்தவர், சார். போகாத நாம் அவர் சொல்வதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தப் போய்விட்டார்.

நானும் கேட்டுப் பார்த்தேன். அதாவது, கிடைத்ததைப் படித்துப் பார்த்தேன். ரெஹ்மான் இன்றைய ஹரியானாவில் பிறந்தவர். பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குச் சென்றார். செய்தியாளராகவும் மனித உரிமைப் பணியாளராகவும் வாழ்ந்தார். 1994இல் இரு நாட்டுக் குடிமக்கள் சிலர் லாகூரில் கூடிப் பேசினார்கள். அரசுகள் பேசாவிட்டாலும் மக்களாவது பேச வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதிலிருந்து இந்திய – பாகிஸ்தான் மக்கள் மன்றம் ஒன்று உருவாயிற்று. 1995 பிப்ரவரியில் தில்லியில் முதல் மாநாடு கூடியது. ரெஹ்மான் அந்த மன்றத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். இந்தியக் கிளையின் தலைமையில் ராம்தாஸ் இருந்தார். ஆசிரியர்கள், மாணவர்கள், தொழிலாளர்கள், எழுத்தாளர்கள் எனப் பலரும் எல்லை கடந்து சென்று பேசினார்கள். நுழைவு அனுமதி கிடைப்பதே பெரும்பாடு.

இது வெறும் கைகுலுக்கல் அன்று என்பதை மீனவர் சிக்கல் காட்டும். குஜராத்துக்கு அப்பால் கடலில் இரு நாட்டு எல்லை எங்கே என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. மீன் போகும் பக்கம் படகு போகும். குஜராத் மீனவர்களும், நம் மாநிலத்தின் பால்கர் மாவட்டத்திலிருந்து அப்படகுகளில் கூலிக்குச் செல்வோரும் பாகிஸ்தானில் சிறைப்படுகிறார்கள். பாகிஸ்தான் மீனவர்கள் இங்கே சிறைப்படுகிறார்கள். இராமேசுவரத்தில் உறவினர் உள்ள பிள்ளைகளுக்கு இக்கதை புதிதாக இராது; பாக் நீரிணையிலும் இதேதான் நடக்கிறது. இம்மீனவர்களை விடுவிக்குமாறு இரு நாட்டு மக்கள் மன்றத்தினரும் இடைவிடாமல் கேட்டு வந்தார்கள். 2008இல் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளும் ஜூலை முதல் நாளும் தத்தம் சிறைகளில் உள்ள மற்ற நாட்டவரின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியலில் பெயர் வந்த பிறகுதான், ‘அவன் உயிரோடு இருக்கிறான்’ என்று சில வீடுகளில் உறுதியாகிறது.

உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள். மும்பையிலிருந்து நேர்கோட்டில் கராச்சி ஏறத்தாழ 900 கிலோமீட்டர். சென்னை 1,000 கிலோமீட்டருக்கும் மேல். நாம் கோடை விடுமுறைக்குப் போகும் ஊரைவிட நாம் ஒருபோதும் போகாத ஊர் நமக்கு அருகில் இருக்கிறது. இதை முதன்முதலாக அளந்து பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடிக்கோலை மறுபடியும் வைத்துப் பார்த்தேன்.

1998 மே மாதத்தில் இந்தியா பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அதே மாத இறுதியில் பாகிஸ்தானும் நடத்தியது. நாடெங்கும் இனிப்பு வழங்கிக் கொண்டாடினார்கள். அணுகுண்டு வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்ன சிலருள் முன்னாள் தலைமைத் தளபதியும் ஒருவர். 2000ஆம் ஆண்டில் அணு ஆயுத ஒழிப்புக்காகத் தொடங்கப்பட்ட கூட்டமைப்பிலும் அவர் பங்கு கொண்டார். செம்பூரில் வாழும் நமக்கு இது சற்று நெருடலான செய்தி. நம்மில் பலருடைய பெற்றோர் டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றுகிறார்கள். புற்றுநோய் மருத்துவத்துக்கு உதவும் கதிரியக்கப் பொருள்களும் அத்துறையின் கொடையே. அணுகுண்டு இருப்பதால்தான் பெரும்போர் மூளாமல் இருக்கிறது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. ராம்தாஸ் அதை ஏற்கவில்லை. அவருடைய கருத்தை நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நாட்டைக் காப்பது என்றால் என்னவென்று நாற்பது ஆண்டுகள் செய்து பார்த்த ஒருவர் அதைச் சொல்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கைதட்டல் கிடைக்கும் என்று நினைத்து அவர் இதைச் சொல்லியிருக்க முடியாது.

தம் ஊர்ப்பக்கத்து மக்களையும் அவர் மறக்கவில்லை. ராய்கட் மாவட்டத்தில் பெண், உரண், பன்வேல் வட்டங்களின் பல ஊர்களில் சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைக்க நிலம் எடுக்க முயற்சி நடந்தது. அது நெல் விளையும் நிலம். உழவர்கள் எதிர்த்தார்கள். ராம்தாஸும் லலிதா அம்மையாரும் அவர்களுடன் நின்றார்கள். 2008 செப்டம்பரில் ஹேட்டவணே அணையின் பாசனத்துக்கு உரிய 22 ஊர்களில், நிலம் கொடுக்க விருப்பமா இல்லையா என்று மக்களிடமே வாக்குக் கேட்கப்பட்டது. நம் நாட்டில் அரிதாக நடக்கும் செயல் இது. நிலம் எடுக்கும் முயற்சி பின்னர்க் கைவிடப்பட்டது.

2019 மார்ச்சில், பொதுத் தேர்தல் நெருங்கிய வேளையில், அவர் தலைமைத் தேர்தல் ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதினார். படைவீரர்களின் படங்களையும் செயல்களையும் கட்சிகள் தங்கள் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். படை எந்தக் கட்சிக்கும் உரியதன்று. நாட்டுக்கு உரியது என்பதே அவருடைய கவலையின் அடிப்படை. சில நாள்களில் தேர்தல் ஆணையமும், படைவீரர்களின் படங்களை விளம்பரங்களில் பயன்படுத்தக் கூடாது என்ற தன் பழைய அறிவுரையைக் கட்சிகளுக்கு மீண்டும் நினைவூட்டியது. அப்போது ராம்தாஸுக்கு வயது எண்பத்தைந்து.

ரெஹ்மான் 2021 ஏப்ரலில் லாகூரில் காலமானார். ராம்தாஸ் 2024 மார்ச் 15ஆம் நாள் ஹைதராபாத்தில் காலமானார்; அவருக்கு வயது தொண்ணூறு. அன்று செய்தித்தாள்களில் வந்த படங்களில் பெரும்பாலானவை வெள்ளைச் சீருடையில், நெஞ்சு நிறையப் பதக்கங்களுடன் எடுக்கப்பட்டவை.